கமிட்டிக்காரர் கொண்டுவரும் பதில்

பர்மாவில் நகரத்தார் (செட்டியார்) வட்டிக்கடையில் கடன் வாங்கிய விவசாயி, அந்தக் கடையின் முதலாளியைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். முதலாளி செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். அவனுக்குக் கடை என்றால் பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் மேலாள்தான். மேலாள் வாக்குச் சுத்தமானவர் என்றால் கடை சுத்தம். அவர் ஏய்த்தால் கடையே ஏய்த்த மாதிரி. மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஐந்தொகை (இருப்புக் கணக்கு) எடுத்து, பேரேட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கப்பல் ஏறுவார். ஆள் மாறியும் கடை நின்றது. கணக்கு ஏட்டில் இருந்தது, மேலாளின் தலைக்குள் இல்லை.

தொழிற்சங்கப் பிரதிநிதியைப் பற்றிச் செட்டிநாட்டில் பேச இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது. (வட்டிக்கடையைக் காட்டிச் சங்கத்தை விளக்குவதைத் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) காரைக்குடிப் பக்கத்து நூற்பாலையில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரம் பார்ப்பவருக்கும், பேருந்துக் கிளையில் கண்டக்டராக இருப்பவருக்கும் மாநிலத் தலைவர் என்பவர் மாநாட்டு மேடையில் தூரத்தில் தெரியும் ஓர் உருவம். ஷிப்டில் கூட நிற்கும் சங்கப் பிரதிநிதி, அதாவது கமிட்டிக்காரர்தான் அவர்களுக்குச் சங்கம். ஊதிய ஒப்பந்தம் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. லீவு மறுப்பு, மெமோ, சம்பளப் பிடித்தம் எல்லாம் வாரா வாரம் வருகின்றன. அவற்றுக்குக் கமிட்டிக்காரர் என்ன பதில் கொண்டுவந்தார், எப்போது கொண்டுவந்தார் என்பதை வைத்துத்தான் சங்கத்தின் மேல் பிடிப்பு கூடுகிறது, குறைகிறது.

இந்தப் பிடிப்பை அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1980இல் அமெரிக்காவில் மைக்கேல் கார்டனும் உடன் ஆய்வாளர்களும் தயாரித்த கேள்வித்தாளில் நான்கு இழைகள் பிரிந்து வந்தன: சங்கத்தின் மேல் விசுவாசம், உறுப்பினராகச் செய்ய வேண்டியதைச் செய்யும் பொறுப்பு, சங்க வேலைக்கு இறங்கும் மனம், தொழிற்சங்கம் என்ற கொள்கையில் நம்பிக்கை. நம் ஊர்க் கமிட்டிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. “சந்தா தவறாமக் குடுப்பான், கேட் மீட்டிங்னா பின்பக்கமாப் போயிருவான்” என்று அவர்கள் சொல்வதும் இதைத்தான். நான்கும் ஒரே ஆளிடம் ஒன்றாக வளர்வதில்லை. கொள்கை நம்பிக்கை வீட்டிலிருந்தும் கட்சியிலிருந்தும் வரலாம். விசுவாசம் மட்டும் வேலையிடத்தில், ஆள் மூலமாகத்தான் வருகிறது.

1995இல் வந்த இன்னோர் ஆய்வு, புதிதாகச் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. சங்கம் நடத்தும் அறிமுகக் கூட்டங்களால் பெரிய பலன் தெரியவில்லை. ஏற்கெனவே உள்ளவர் தனியாகப் பேசிப் பழகியதுதான் ஒட்டவைத்தது. ஆகவே புதிய ஆள் கேட்டுக்குள் வந்த முதல் மாதம் முக்கியம். அந்த மாதத்தில் கொள்கை விளக்கம் வேண்டாம். முதல் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, வரி வரியாகப் படித்துக் காட்டினால் போதும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் 0.75 சதவீதம்; 14,000 ரூபாய் சம்பளத்துக்கு 105 ரூபாய் வர வேண்டும். முதலாளி போட வேண்டியது 3.25 சதவீதம், அதைத் தொழிலாளி கணக்கில் கழித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) யு.ஏ.என். எண் வந்ததா, நாமினி போட்டாயிற்றா? காய்ச்சலில் படுத்தால் இ.எஸ்.ஐ. மருத்துவம் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் நோய்க்கால உதவித்தொகைக்கு, அதாவது 70 சதவீதக் கூலி வருஷத்துக்கு 91 நாள் வரை, அரையாண்டில் 78 நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் கட்டியிருக்க வேண்டும். புதியவர் ஏறக்குறைய ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஐந்தாவது மாதம் டைபாயிட் வந்து பணம் வராதபோது, “சங்கம் இருந்து என்ன புண்ணியம்” என்பார். சொல்லியிருந்தால், “அண்ணன் அன்னைக்கே சொன்னாரு” என்பார். இரண்டு நிலையிலும் பணம் வரவில்லைதான்.

அடுத்தது சங்கச் சந்தா. தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சம்பளத்திலேயே சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்ப ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இடம் கொடுத்தது. சங்கப் பொருளாளர்களுக்கு இது சுகம். நிலுவை இல்லை, ரசீது கிழிக்க வேண்டாம். எங்கள் கணிப்பில், விசுவாசத்துக்கு இது மெதுவாக வைக்கும் உலை. கையில் சந்தா வாங்கும்போது கமிட்டிக்காரர் மாதம் ஒரு முறையாவது ஒவ்வோர் ஆளின் முன்னாலும் போய் நின்றாக வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில்தான் “சூப்பர்வைசர் ரெண்டு நாளாப் பாத்ரூம் போக விடமாட்டேங்கிறான்” என்ற பேச்சு வரும். சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கியதும் அந்த நடை நின்றுவிடுகிறது. கூட்டுறவுக் கடன் தவணைக்குக் கீழே இன்னொரு பிடித்தமாகச் சங்கம் சம்பளச் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

கையில் வாங்குவதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சம்பளம் போட்ட மூன்று நாளுக்குள் வாங்காவிட்டால் மளிகைக்கடையும் சீட்டுக்காரரும் முந்திக்கொள்வார்கள். ரசீது புத்தகம் வரிசை எண்ணோடு, அடிக்கட்டையோடு இருக்க வேண்டும். வாங்கிய பணத்தை ஒரு வாரத்துக்குள் பொருளாளரிடம் கட்டி, அடிக்கட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலான கமிட்டிக்காரர்கள் கெட்டது திருடியதால் இல்லை. “கைமாத்தா எடுத்தேன், அடுத்த மாசம் போட்டுருவேன்” என்பதில் கெட்டார்கள். உறுப்பினர் பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. மூன்று மாத நிலுவை விழுந்தவர் கமிட்டிக்காரரின் கண்ணில் படாமல் நடக்கத் தொடங்குவார். வெட்கத்தால் புகாரையும் சொல்லமாட்டார். பிரச்சினை முற்றியபின் வேறு கொடிக்காரரிடம் போய் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அது துரோகமாகத் தெரியும். தொடங்கிய இடம் ஒரு சின்ன நிலுவை. இரண்டாவது மாதமே தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, பாதி பாதியாக் குடு, யார்கிட்டயும் சொல்லல” என்று முடித்துவிடுவது நல்லது. நோட்டீஸ் போர்டில் நிலுவைப் பட்டியல் ஒட்டுவதைப் போல ஆளை விரட்டும் வேலை வேறில்லை.

விசுவாசம் உண்மையில் உரைத்துப் பார்க்கப்படுவது மெமோ வந்த நாளில். பேருந்துக் கிளையில் அடிக்கடி வருவது டீசல் மெமோ. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வர வேண்டும், உனக்குக் குறைந்தது, விளக்கம் கொடு என்று டிரைவருக்கு வரும். மனிதர் பதறிப்போய், டூட்டி முடிந்த களைப்பில், “இனிமேல் கவனமாக ஓட்டுகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு வரி குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். பின்னால் எந்த வக்கீலாலும் அதை அழிக்க முடியாது. முதல் மணி நேரத்தில் கமிட்டிக்காரர் செய்ய வேண்டியது, அவரை எதையும் எழுதவிடாமல் தடுப்பது. மெமோவை வாங்கினேன் என்று தேதி, நேரத்தோடு மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு நகல் எடுத்து, நிலையாணையில், அதாவது நிறுவனத்தின் பணி விதிகளில், எந்தப் பிரிவில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிரிவே இல்லாமல் வரும் மெமோக்கள் உண்டு.

பிறகு ஆவணம் கேட்டு ஒரு கடிதம். அந்த வண்டியை முந்தைய மாதம் வேறு டிரைவர்கள் ஓட்டியபோது எவ்வளவு வந்தது? இன்ஜெக்டர், பம்ப் வேலை கடைசியாக எப்போது பார்த்தார்கள்? டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொள்வது, கிளட்ச் நழுவுவது பற்றி டிரைவர் ஏற்கெனவே லாக் ஷீட்டில் (வண்டியின் அன்றாடக் குறிப்புத் தாள்) எழுதிக் கொடுத்தது இருக்கிறதா? ஸ்டேஜ் எத்தனை, பள்ளி நேர நெரிசல் எப்படி? இதில் லாக் ஷீட்தான் உயிர்நாடி. வண்டிக் குறையை வாயால் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போகிற டிரைவரைக் காப்பாற்ற யாராலும் முடியாது. ஆகையால் தினமும் எழுதிவைக்கும் பழக்கத்தை மெமோ வருவதற்கு முன்பே ஏற்படுத்துவது கமிட்டிக்காரரின் வேலை. பதிலைச் சுருக்கமாக எழுதி, உறுப்பினருக்குப் படித்துக் காட்டி, அவருக்குப் புரிந்தபின் கையெழுத்து வாங்கி, நகலில் அலுவலக முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம்.

உள்விசாரணை வரை போனால் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. சொன்னது ஒன்று, எழுதியது ஒன்றாக இருந்தால் “ஆட்சேபணையுடன்” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்க வேண்டும். தற்காலிக நீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. 1981ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின் கணக்குப்படி முதல் 90 நாளுக்குப் பாதிக் கூலி, 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுதும். நீக்கப்பட்டவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு நடை போய்ப் பார்க்கிற கமிட்டிக்காரர், அந்தப் பணம் நேரத்துக்கு வருகிறதா என்றும் கவனிப்பார். வேலையிடத்தில் மற்ற நாற்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குத் தனக்கு வந்தால் எப்படி என்று கணக்குப் போடுகிறார்கள்.

எழுத வேண்டும் என்பது புகாருக்கும் பொருந்தும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி அதில் பத்துப் பேர் வரை இருக்கலாம், பாதிப் பேர் தொழிலாளர் தரப்பு. புகாரை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும், குழு 30 நாளில் முடிக்க வேண்டும். வாய்ப்பேச்சில் மேனேஜரிடம் சொல்லி முடிக்கும் கமிட்டிக்காரருக்கு அன்றைக்குப் பெயர் கிடைக்கும். மேனேஜர் மாறிப் போனதும் சொன்ன வாக்கும் கூடவே போய்விடும்.

இப்போது பதிலுக்கு வருவோம். உறுப்பினர் கேட்கும் பதில் மூன்று விதம்: ஆயிற்று, ஆகவில்லை, பார்க்கிறோம். இதில் அதிகம் கெடுதல் செய்வது “பார்க்கிறோம்”. வேலை நடக்கிறது என்று சொல்பவருக்குத் தோன்றும். கேட்பவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். “வர்ற வியாழக்கிழமை ஜி.எம்.மைப் பாக்குறோம், வெள்ளிக்கிழமை ரெண்டாவது ஷிப்ட் இடைவேளையில வந்து சொல்றேன்” என்று நாளும் இடமும் சொல்லிவிட்டு, விஷயம் நடக்காவிட்டாலும் அந்த வெள்ளிக்கிழமை போய் நிற்க வேண்டும். “இன்னும் முடியல, ஜி.எம். மதுரைக்குப் போயிட்டாரு, திங்கக்கிழமை தேதி குடுத்திருக்காங்க.” இந்த ஒரு வாக்கியத்துக்கு உள்ள மதிப்பு பல தலைவர்களுக்குத் தெரியவில்லை.

தோற்ற விஷயத்தை மறைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதிலும் தேர்தல் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். தோல்வியைத் தொழிலாளி தாங்கிக்கொள்வார். டைம்கீப்பர் வாயால் அதைக் கேட்பதுதான் அவருக்குத் தாங்காது. இங்க்ரிமென்ட் வெட்டு உறுதியாகிவிட்டது என்றால், உத்தரவு நகலோடு போய், நாம் என்ன வாதம் வைத்தோம், எதை ஏற்கவில்லை, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது, செலவு என்ன, ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வாய்ப்பு குறைவு என்றால் குறைவு என்றே சொல்ல வேண்டும். மதுரைக்கு நாலு வருஷம் வாய்தாவுக்கு அலைந்துவிட்டு ஒன்றும் இல்லாமல் திரும்பியவர் நீதிமன்றத்தைத் திட்டமாட்டார். “கேஸ் போட்டாச் சரியாயிரும்” என்று சொன்னவரைத்தான் திட்டுவார்.

யாருக்காக ஓடுகிறார் என்பதும் பார்க்கப்படும். செட்டிநாட்டு ஆலைகளில் ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர், ஒரே வகையறாவிலிருந்து ஆறு பேர் என்று வேலைக்கு வருவது வழக்கம். கமிட்டிக்காரரும் ஏதோ ஒரு ஊர்க்காரர்தான். தன் மச்சான் மெமோவுக்கு அன்று மாலையே மேனேஜர் அறைக்குப் போனவர், வேறு தெருக்காரர் மெமோவுக்கு மறுநாள் போனால், அந்த ஒரு நாள் வித்தியாசம் ஆலை முழுக்கப் பேசப்படும். சாதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், “அவரு அவங்க ஆளுகளுக்குத்தான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வருகிற வழக்கையெல்லாம் தேதிவாரியாக ஒரே நோட்டில் எழுதி, வரிசைப்படி எடுத்தால் இந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. பெண் தொழிலாளர்களின் நிலை வேறு. கோன் வைண்டிங்கில் (நூலைக் கோனில் சுற்றும் பிரிவு) நிற்கும் பெண்ணால் தன் புகாரில் பாதியை ஆண் கமிட்டிக்காரரிடம் சொல்லவே முடியாது. ஷிப்டுக்கு ஒரு அக்கா கமிட்டியில் இல்லாத சங்கத்துக்கு அந்தப் புகார்கள் இருப்பதே தெரியாது. “பொம்பளைங்க பக்கம் பிரச்சினையே இல்ல” என்று அறிக்கை எழுதுவார்கள். விடுதியில் தங்கவைக்கப்பட்ட பெண்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் இந்த வட்டத்துக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டு நூற்பாலைச் சங்கங்கள் மெலிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

புதுவயல் அரிசி ஆலைகளில் சுமை தூக்குபவர்களிடம் விசுவாசம் முழுக்கக் கணக்கு. 300 மூட்டை லோடை 12 பேர் இறக்கினால் ஆளுக்கு 25 மூட்டைக் கூலி. அன்று இடுப்புப் பிடித்துப் பாதியில் உட்கார்ந்தவருக்குப் பங்கு உண்டா, பங்கு பிரிக்கும் பிரதிநிதிக்குத் தூக்காத நாளிலும் உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் முன்கூட்டியே விதி எழுதிவைத்த குழு உடைவதில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை மாதிரி நாலைந்து பேர் வேலை செய்யும் இடங்களில் சங்கம் என்பது பெரும்பாலும் நலவாரிய அட்டைதான். அட்டை புதுப்பித்தாயிற்று என்றால் உறவும் முடிந்தது.

இத்தனையும் சரியாகச் செய்கிற கமிட்டிக்காரரால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. விசுவாசம் சங்கத்தின் மேல் வராமல் அவர் மேலேயே நின்றுவிடும். “அண்ணன் எங்க இருக்காரோ அங்கதான் நாங்க” என்பது கேட்க இனிமையாக இருக்கும். அண்ணன் கொடி மாற்றினால் 40 சந்தாவும் ஒரே நாளில் மாறும். அரசுப் போக்குவரத்தில் ஆட்சி மாறும்போது ஆளுங்கட்சிச் சங்கத்துக்குக் கூட்டம் நகர்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது பயத்தால் பாதி, நல்ல டூட்டி ஆசையால் பாதி.

புதிய சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கைக்கு விலை கூடிவிட்டது. வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தலாம். யாருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு; ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஓர் இடம், மிச்சம் கணக்கில் சேராது. 400 பேர் ஆலையில் ஒரு சங்கத்துக்கு 150, இன்னொன்றுக்கு 90, மூன்றாவதுக்கு 75 என்று வையுங்கள். 150க்கும் ஓர் இடம்தான், 90க்கும் ஓர் இடம்தான், 75க்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது சங்கம் வெளியே நிற்பது ஐந்து பேர் குறைவால். அந்த ஐந்து பேர் யாரோ ஒரு கமிட்டிக்காரரின் பதிலுக்காகக் காத்திருந்து அலுத்தவர்களாக இருக்கலாம்.

பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலையும் அசட்டையாக விடக்கூடாது. மொத்தத் தொழிலாளர்களில் ஒரு சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். 400 பேர் ஆலையில் ஒரு சதவீதம் 4 என்றாலும் 5 பேருக்கு உண்டு. தகராறு நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் இவர்களை வேலையை விட்டு நீக்க முடியாது. மத்திய விதிகளில் ஏப்ரல் 30க்குள் பெயர் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தேதியைத் தவறவிட்டுவிட்டு மே மாதம் அலைந்த சங்கங்கள் உண்டு. பாதுகாப்பு இல்லாத கமிட்டிக்காரரின் குரல் மேனேஜர் அறையில் எப்படித் தாழ்கிறது என்பதைக் கூடப் போன உறுப்பினர் கவனித்துவிடுவார். எப்போதும் பகல் ஷிப்டிலேயே இருக்கும் கமிட்டிக்காரரையும் அதே கண் கவனிக்கும்.

விசுவாசம் ஒரே ஆளின் மேல் நின்றுவிடாமல் இருக்க, மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே ஆளை ஒரே ஷிப்டில் கமிட்டியில் வைக்காமல் இருப்பது உத்தமம். இரண்டாம் வருஷத்திலேயே ஓர் அடுத்தாளைக் கூட அழைத்துப் போக வேண்டும். மெமோ பதிலை அவர் எழுத, இவர் திருத்த வேண்டும். பொறுப்பு மாறும் நாளில் ஒப்படைக்க வேண்டியவை: ரசீது அடிக்கட்டைகள், வழக்கு நோட்டு, முத்திரை போட்ட நகல்கள், நிலையாணைப் புத்தகம், கையெழுத்தான ஒப்பந்தங்களின் நகல், பதில் சொல்லாமல் நிற்கும் புகார்களின் பட்டியல். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கொடுப்பதில்லை. அதை இடைவேளையில் உறுப்பினர்கள் நடுவில் வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே புதியவர் ஒரு தேதி குறிக்க வேண்டும்.